வாகரையிலிருந்து பார்த்தால் கெம்பஸ்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வாசல்களுக்கு நடுவே இருக்கிறது வாகரை. தெற்கே வந்தாறுமூலையில் தலைமை வளாகம். வடக்கே வெருகலையும் மூதூரையும் தாண்டிப் போனால், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் திருகோணமலை வளாகம். இரண்டையும் இணைக்கிற ஏ-15 நெடுஞ்சாலை வாகரைக்குள்ளால்தான் போகிறது. மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினாலும் திருகோணமலை பஸ்ஸில் ஏறினாலும், வாகரைப் பிள்ளை போய்ச் சேரக்கூடியது ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான்.

அதனால் அந்தப் பல்கலைக்கழகத்தை வாகரையிலிருந்து பார்ப்பது நல்லது. என்ன படிப்பிக்கிறார்கள், எதை ஆராய்கிறார்கள், யாருக்குத் துணை நிற்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டிலும் பதில் இருக்கும். அந்தப் பதிலில் எவ்வளவு, வலை காயப்போட்டிருக்கும் முற்றம் வரைக்கும் வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் ஊர். அரசாங்கக் கடிதங்களில் இது கோறளைப்பற்று வடக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லைப் பிரதேச செயலகப் பிரிவு. நகரத்திலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். கிழக்கே கடல், மேற்கே காடும் குளங்களும், இடையில் பனிச்சங்கேணி வாவி. காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, கண்டலடி, பால்சேனை, கதிரவெளி என்று வீதியோரமாகவே ஊர்கள் வரும். உள்ளே திரும்பினால் மதுரங்கேணிக்குளம், குஞ்சங்குளம், கிரிமிச்சை, கட்டுமுறிவு. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வாவிதான் சோறு போடும். மாரி மழை பெய்தால் வயல். மணல் தரையில் கச்சானும் மரமுந்திரிகையும். காட்டில் தேன். தமிழே பேசும் கரையோர வேடர் சமூகத்தின் முக்கியமான இருப்பிடமும் இதுதான். ஒரு குடும்பமே இத்தனை தொழிலையும் மாறி மாறிச் செய்யும். பல்கலைக்கழகமோ கடலை ஒரு துறைக்கும், மண்ணை இன்னொரு பீடத்துக்கும், வேடர் சடங்கை மூன்றாவதுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதை அவ்வளவு பழையதல்ல. 1981 ஒகஸ்ட் முதலாம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. இடம், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்கள். இந்த விபரத்தை வேகமாகக் கடந்து போகக் கூடாது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு நாற்பதுகளில் நாடெங்கும் எழும்பிய மத்திய கல்லூரிகளில் ஒன்று அது. கிராமத்துப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்று விடுதியில் தங்கிப் படிப்பதற்கென்றே வந்த பள்ளிக்கூடம். அப்போது அரசாங்க சபையில் இருந்த வ. நல்லையாவின் முயற்சியால் அது வந்தாறுமூலைக்குக் கிடைத்ததென்று மட்டக்களப்பார் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடமாக இருந்த நிலத்தின்மேல்தான் இந்தப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்த நிலத்துக்கு ஒரு கடமை உண்டு.

தொடங்கும்போது விஞ்ஞானம், விவசாயம் என்று இரண்டே பீடங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அரவணைப்பில் இருந்தது. 1986 ஒக்ரோபர் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. பிறகு வர்த்தக முகாமைத்துவம், கலை கலாசாரம், சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கல்லடியில் இருந்த விபுலானந்த இசை நடனக் கல்லூரி பல்கலைக்கழகத்துக்குள் வந்து சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும். மருத்துவ மாணவர்கள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பயில்கிறார்கள். நாற்பது ஆண்டுக்குள், அதுவும் பெரும்பகுதி யுத்தத்துக்குள், இவ்வளவும் முளைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

சரி, வாகரைப் பிள்ளை ஒன்று இதற்குள் எப்படிப் போகும்?

உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும். இசட் புள்ளி வரும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகும். ஐம்பத்தைந்து வீதம், மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மீதி ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அதில் அடங்கும். கொழும்புப் பிள்ளையோடு மட்டக்களப்புப் பிள்ளை நேருக்கு நேர் மோதாமல் இந்த ஏற்பாடு காக்கிறது. காக்கத்தான் வேண்டும். ஆனால் மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளையோடு வாகரைப் பிள்ளை மோதுவதை அது பார்ப்பதில்லை. புனித மிக்கேல், மெதடிஸ்த மத்திய கல்லூரி, வின்சன்ட், சிவானந்தா என்று பெயர் பெற்ற பள்ளிக்கூடங்களும், மாலையானால் பிள்ளைகள் நிரம்பி வழியும் ரியூசன் வகுப்புகளும் ஒரு பக்கம். அதிகஷ்டப் பிரதேசம் என்று பதியப்பட்டிருக்கும் வாகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் மறுபக்கம். இரண்டுக்கும் மாவட்டக் கோட்டாவில் ஒரே கோடுதான். உயர்தரத்தில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ படிப்பிக்க ஆசிரியர் நிலைத்து நிற்காத இடத்தில், மருத்துவ பீடத்தின் வாசல் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தாலும் தூரந்தான். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளை கலைப் பிரிவையே எடுக்கும். கலைப் பிரிவுக்கோ பெரும்பாலும் நாடு தழுவிய வரிசை. மாவட்டத்தின் நிழல் அங்கே பெரிதாகக் கிடையாது.

இதைப் பல்கலைக்கழகத்தின் குறை என்று சொல்ல முடியாது. கோட்டாவைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, ஆசிரியரை அனுப்புவது மாகாணக் கல்வித் திணைக்களம். ஆனால் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற மாணவர்கள் சனி ஞாயிறில் கல்குடாக் கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து ஆய்வுகூடப் பரிசோதனைகளைச் செய்து காட்டுவதற்கு யாரும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஒரு வானும் ஒரு பெட்டி உபகரணமும் போதும். தனி மனிதர்களின் நல்ல மனதில் இப்படியான வேலைகள் அவ்வப்போது நடக்கும். அது பாடத்திட்டத்துக்குள் வந்து, புள்ளி கொடுக்கப்படுகிற வேலையாக வேண்டும். அப்போதுதான் அந்த நல்ல மனிதர் இடமாற்றமாகிப் போனாலும் வேலை நிற்காது.

“கெம்பஸ் கிடைச்சிட்டு” என்ற செய்தி ஒரு வீட்டுக்கு வந்தால் ஊரே சந்தோசப்படும். அடுத்த நாளே செலவுக் கணக்கும் தொடங்கிவிடும். படிப்பு இலவசம். சாப்பாடு, தங்குமிடம், பஸ், போட்டோக்கொப்பி இலவசமில்லை. அமைச்சர் லலித் அத்துலத்முதலி காலத்தில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த மகாபொலப் புலமைப்பரிசில் நிதிதான் நாற்பது வருடமாக இந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கிறது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. இன்றைய விலைவாசியில் விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு அது பாதி மாதம்கூடத் தாங்காது. விடுதி கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு பிள்ளையின் படிப்பைத் தலைகீழாக்கும் விசயம். மாணவர் நலன் என்று கையேட்டில் ஒரு பக்கத்தில் அடங்கிப் போவது, வாகரையில் ஒரு தோணியை விற்பதா வேண்டாமா என்ற கேள்வியாக வந்து நிற்கும்.

பிறகு மொழி. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை விஞ்ஞானத்தையும் விவசாயத்தையும் முகாமைத்துவத்தையும் மருத்துவத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது காலியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வந்த சிங்களப் பிள்ளை. அதற்கும் இதே கஷ்டந்தான். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிப் பழகி, நாலாம் வருடத்தில் ஒருவர் மொழியை மற்றவர் பேசிவிட்டுப் போவார்கள். யுத்தம் நடந்த ஒரு மாவட்டத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதன் பெறுமதியை எந்தத் தரவரிசையும் அளக்காது.

படிப்பித்தலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பல்கலைக்கழகம் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய ஒன்று உண்டு: கூத்து.

மட்டக்களப்பில் கூத்துக்கென்று ஒரு பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. ஊர் கூடி எந்தக் கூத்து என்று முடிவு செய்யும். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆள் பார்த்துச் சட்டங்கொடுப்பார். மாதக்கணக்கில் கிழமைக்கூத்து. அடுக்கு என்ற ஒத்திகை பார்த்து, கடைசியில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் விடிய விடிய அரங்கேற்றம். மத்தளமும் சல்லாரியும் அண்ணாவியார் கையில்; ஏடு படிக்க ஒருவர். வடமோடி, தென்மோடி என்று இரண்டு பெரும் மரபு. எழுதவே தெரியாத ஒரு விவசாயி முழு இராமாயணப் போரையும் மனப்பாடமாகப் பாடி ஆடுவார். படித்தவர்கள் நெடுங்காலம் இதை நாட்டுப்புறத்தான் வேலை என்று ஒதுக்கி வைத்தார்கள்.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் இந்தக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தபோது அவருக்குக் கிடைத்த மாணவர்களில் ஒருவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய கல்லூரி விடுதியில் படித்துப் பேராதனைக்குப் போனவர். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர். பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வுப் பொருளாக்கிக் கலாநிதிப் பட்டம் பெற்றார். தொண்ணூறுகளில், தான் பள்ளிப் பிள்ளையாகப் படித்த அதே நிலத்துக்குப் பேராசிரியராகத் திரும்பி வந்து நுண்கலைத் துறையைக் கட்டி எழுப்பினார். அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து வந்து மாணவருக்கு ஆடப் பழக்க வைத்தார். ஒரு பக்கம் பட்டம் பெற்ற விரிவுரையாளர், மறுபக்கம் வயலிலிருந்து வந்த ஆசான். பிள்ளைகள் இருவரிடமும் படித்தார்கள்.

அவருக்குப் பிறகு வந்த சி. ஜெயசங்கர் இன்னொரு பாதையில் போனார். கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வருவதற்குப் பதிலாக, பல்கலைக்கழகக்காரர் கூத்து ஆடுகிற ஊருக்குப் போய், ஊராரோடு இருந்து, அவர்கள் முடிவு செய்கிறபடி கூத்தை மீளுருவாக்க வேண்டும் என்றார். சீலாமுனை என்ற ஊரில் அது நடந்தது. பழைய கூத்தில் பெண்ணை இழிவுபடுத்தும் இடங்கள், சாதியைத் தூக்கிப் பிடிக்கும் இடங்கள் என்ன செய்வது என்று களரியிலேயே ஊர் விவாதித்தது. மௌனகுருவின் செவ்வியல் மேடையா, ஜெயசங்கரின் ஊர்க்களரியா என்று மட்டக்களப்பில் காரசாரமாக நடந்த விவாதத்தில் நூல்கள் வந்தன, சஞ்சிகைகள் வந்தன, மனத்தாங்கல்களும் வந்தன. இரண்டு பேரும் சரி என்றுதான் தோன்றுகிறது. ஒரு ஊர்க் கலையைப் பற்றி இரண்டு ஆழமான கருத்து மோதுமளவுக்கு ஒரு துறை வளர்ந்திருக்கிறதே, அதுதான் பல்கலைக்கழகம்.

இந்த முறையை மற்றப் பீடங்களும் எடுத்திருக்கலாம். அண்ணாவியாரை விரிவுரை மண்டபத்துக்கு அழைத்தது போல, பனிச்சங்கேணி வாவியில் ஐம்பது வருடம் வலை வீசிய ஒருவரை விலங்கியல் துறைக்கு அழைக்கலாம். எந்த மாதம் முகத்துவாரம் உடைந்தால் எந்த இறால் உள்ளே வரும், எந்தக் காற்றில் நண்டு கரையொதுங்கும் என்று அவருக்குத் தெரியும். அது அளவுகோல் வைத்துச் சோதிக்கப்பட வேண்டிய அறிவுதான், ஆனால் அறிவு.

ஆராய்ச்சிக்கு வருவோம். வாகரை போல ஓர் இடம் ஓர் ஆய்வாளருக்குக் கிடைப்பது கொடுப்பினை. கதிரவெளியில் பெருங்கற்காலப் பண்பாட்டின் ஈமச் சின்னங்களான கற்கிடைகள் இருக்கின்றன. குரங்குபடையெடுத்த வேம்பு என்று ஊர் அந்த இடத்தைச் சொல்லும். தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரும் இலங்கையின் பொம்பரிப்பும் பேசப்படுகிற அதே பெரிய கதையின் ஓர் ஏடு இங்கேயும் கிடக்கிறது. கரையோர வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வெளிநாட்டார் வந்து வந்து எழுதினார்கள். சடங்கில் அவர்கள் அழைக்கும் தெய்வங்கள், காட்டுக்கும் கடலுக்கும் இடையில் மாறி மாறி வாழும் முறை, வேடர் என்ற அடையாளத்தைச் சில தலைமுறை மறைத்ததும் சில தலைமுறை மீட்டதும் எல்லாம் ஆய்வேடுகளில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குஞ்சங்குளத்துப் பிள்ளை வாசிக்க முடியாத மொழியில் இருக்கின்றன.

கடலுக்குள் காயான்கேணி முருகைக்கல் பாறைகள். 2019இல் அரசாங்கம் அதைக் கடல் சரணாலயமாக அறிவித்தது. வாவியோரம் கண்டல் காடுகள், கடற்புற்கள். மட்டக்களப்பு வாவி, வாழைச்சேனை வாவி, பனிச்சங்கேணி வாவி மூன்றும் மாவட்டத்தின் மீன்வளத்துக்கு உயிர். வாவிகளின் மீன்வளத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் விலங்கியல் துறையின் பேராசிரியர் பி. வினோபாபா. வாவியில் மீன்கள் திடீரென்று செத்து மிதக்கும்போது பத்திரிகைக்காரர்கள் விளக்கம் கேட்டுப் போனதும் பல்கலைக்கழகத்திடந்தான். தாவரவியலில் பேராசிரியர் த. ஜெயசிங்கம் சூழலியலைத் தமிழிலும் பேசினார், பொதுமேடையிலும் பேசினார். விவசாய பீடம் கடற்கரையோர மணல் மண்ணில் என்ன பசளை, எவ்வளவு தண்ணீர், எந்த இனம் என்று பல வருடமாகப் பரிசோதித்துத் தன் ‘அக்ரிஈஸ்ட்’ சஞ்சிகையில் எழுதி வருகிறது. வாகரைக் கச்சான் தோட்டக்காரருக்கு வேண்டிய விடைகளில் சில அதற்குள் இருக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஒரு விரிவுரையாளர் பதவி உயர வேண்டுமானால் ஆங்கிலத்தில், வெளிநாட்டுச் சஞ்சிகையில் வரும் கட்டுரைக்கு நல்ல புள்ளி. அதே ஆய்வை நாலு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரமாக்கி மாங்கேணிக் கடற்றொழிலாளர் சங்கத்தில் வாசித்துக் காட்டினால் கிடைக்கும் புள்ளி மிகக் கொஞ்சம். தனி மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்குப் போடும் முறையே அப்படி.

உலகம் இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டு மொரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாயத்தையும் தொழிற்கலையையும் படிப்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு நிலம் கொடுத்தது. 1914இல் ஸ்மித் - லீவர் சட்டம் வந்து, அந்தப் பல்கலைக்கழகங்களின் அறிவைப் பண்ணைவீட்டு வாசலுக்குக் கொண்டு போக ஆட்களையும் பணத்தையும் ஒதுக்கியது. படிப்பித்தல், ஆராய்ச்சி, ஊருக்குத் துணை என்று ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை மூன்றாயிற்று. அவ்வளவு தூரம் ஏன்? இந்தியாவின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியபோது அதை நடத்தியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதே புதுச்சேரியில் வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில், 1998 அளவில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையம் திறந்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கரையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள் மீனவர்கள். அந்த ஒலிபெருக்கிக்கு ஆன செலவு ஒரு சர்வதேச மாநாட்டின் மதியச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியிருக்காது.

வாகரையில் அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது கேள்வி, துணை. மாணவருக்கு ஆலோசகர் உண்டு, தொழில் வழிகாட்டல் பிரிவு உண்டு, ஆங்கில மொழி கற்பித்தல் அலகு உண்டு, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு வெளிவாரிப் பட்டம் உண்டு. இவை எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருப்பவை. கிழக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த துணையை எழுத வேண்டுமென்றால் 1990க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜூனில் யுத்தம் மறுபடி வெடித்தபோது சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் வந்தாறுமூலை வளாகத்துக்குள் ஓடி வந்தது. விரிவுரை மண்டபங்கள் அகதி முகாமாயின. பேராசிரியர் மனோ சபாரத்தினம், த. ஜெயசிங்கம், வே. சிவலிங்கம் என்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முகாமைப் பொறுப்பேற்று நடத்தினார்கள். செப்டெம்பர் ஐந்தாம் திகதி இராணுவம் வந்தது. சனத்தை வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்டவர்கள் தலையாட்ட, 158 பேரைப் பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பி வரவில்லை. பிறகு அமைந்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன் முகாமை நடத்தியவர்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள். அன்றைய நிலைமையில் அது உயிரைப் பணயம் வைத்த வேலை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் அந்த 158 பேரின் உறவினர்கள் வளாகத்தின் முன்னால் வந்து நிற்கிறார்கள். பல்கலைக்கழகம் சமூகத்துக்கு ஆற்றும் சேவை என்று யாராவது எழுதினால் இந்த ஆசிரியர்களின் பெயர்கள் அங்கே வர வேண்டும்.

வாகரைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் துயரம் ஒரே மாதங்களில் வந்ததும் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி இந்தக் கரையை அடித்துக்கொண்டு போனது. எழும்பி நிற்கும் முன்பே மறுபடி யுத்தம். 2006 நவம்பர் எட்டாம் திகதி, கதிரவெளியில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின்மேல் எறிகணை விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த மாதம் சனம் காட்டாலும் கடலாலும் வாழைச்சேனைப் பக்கம் தப்பி வந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் 15ஆம் திகதி, கொழும்பில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டுக்குப் போயிருந்த கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் காணாமற் போனார். அதற்கு முன்பே கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டிருந்தார். உபவேந்தர் பதவி விலகினால்தான் விடுவோம் என்ற மிரட்டலின் கீழ் ரவீந்திரநாத் விலகல் கடிதமும் கொடுத்திருந்தார். அவர் ஒரு விவசாய விஞ்ஞானி. தலைநகரத்தில், பகலில், விஞ்ஞானிகள் கூடிய இடத்திலிருந்து போனவர் இன்றுவரை வரவில்லை. உபவேந்தருக்கே இதுதான் நிலைமை என்றால், அந்த வருடங்களில் அங்கே நாலு வருடம் படித்து முடித்த ஒவ்வொரு பிள்ளையும், படிப்பித்து முடித்த ஒவ்வொரு ஆசிரியரும் எவ்வளவு துணிச்சலோடு வாசலைக் கடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டடமும் கட்டுரை எண்ணிக்கையும் வைத்து மற்றப் பல்கலைக்கழகங்களோடு இதை ஒப்பிடுகிறவர்கள் இந்த வருடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது துப்பாக்கிச் சத்தம் இல்லை. பனிச்சங்கேணியில் புதுப் பாலம் இருக்கிறது, வீதி நன்றாக இருக்கிறது. வாகரையின் பயம் வேறு உருவத்தில் வருகிறது. கதிரவெளிப் பக்கத்துக் கரை மணலில் இல்மனைட் இருக்கிறது. அதை அகழப் போகிறார்கள் என்று அண்மைய வருடங்களில் சனம் பதாகை பிடித்து வீதிக்கு வந்தது. வாவியோரத்தில் பெரிய அளவில் இறால் பண்ணை வரப்போகிறது என்றும் அதே போல. இரண்டிலும் வேலை வாய்ப்பு என்கிறார்கள் ஒரு பக்கம். நிலத்தடி நீர் உவராகும், கண்டல் அழியும், கரை அரிக்கும் என்கிறார்கள் மறுபக்கம். புத்தளம் பக்கத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இறால் பண்ணைகள் பெருகி, வெண்புள்ளி நோய் வந்து, குளங்கள் கைவிடப்பட்டுக் கிடந்த கதையை வாகரைச் சனமும் கேள்விப்பட்டிருக்கிறது. புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாகக் கனிய மணல் அகழ்கிறார்கள். அங்கே கரைக்கும் கடலுக்கும் என்ன நடந்தது என்று அளந்து சொல்லவும் முடியும்.

இப்படியான திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்து, பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. கருத்துச் சொல்லக் கொடுக்கும் நாட்களோ கொஞ்சம். அறிக்கையோ கனத்த புத்தகம். வரைபடமும் அட்டவணையும் இரசாயனப் பெயரும். ஒரு கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அதைக் கையில் வாங்கி என்ன செய்வார்? கத்துவதைத் தவிர வேறு வழி அவருக்கு விடப்படவில்லை.

அந்தப் புத்தகத்தை அவருக்காக வாசிக்கக்கூடிய ஆட்கள் ஐம்பது கிலோமீற்றருக்குள் இருக்கிறார்கள். மண்ணைத் தெரிந்தவர், தாவரம் தெரிந்தவர், மீன் தெரிந்தவர், புவியியல் துறையில் வரைபடம் தெரிந்தவர், முகாமைத்துவ பீடத்தில் அந்த வேலை வாய்ப்புக் கணக்கு உண்மையா என்று பார்க்கத் தெரிந்தவர். எல்லோரும் ஒரே வளாகத்தில் தேநீர் குடிக்கிறார்கள். திட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ அவர்கள் கொடி பிடிக்க வேண்டியதில்லை. அறிக்கையின் ஏதோ ஓர் அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் நிலத்தடி நீர் மட்டம் எந்த மாதத்தில் அளந்தது, மாரியிலா கோடையிலா என்று கேட்டு, அதைச் சங்கத் தலைவர் விளங்கும் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அரசாங்கத்துக்கும் அது நல்லது. ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் போகலாம்.

செய்யக்கூடியது பெரிய விசயமல்ல. வாகரைப் பிரதேச செயலகத்திலோ பொது நூலகத்திலோ ஓர் அறை. கிழமையில் ஒரு நாள் ஏதாவது ஒரு பீடத்திலிருந்து ஒருவர் வந்து இருக்க வேண்டும். ஒரு கிழமை விவசாயம், மறு கிழமை விலங்கியல், அடுத்து சமூக மருத்துவம், அடுத்து மொழித்துறை. உயர்தரப் பிள்ளை கணக்கோடு வரலாம், தோட்டக்காரர் புழு அரித்த கச்சான் செடியோடு வரலாம், வேடர் சமூகத்தின் மூத்தவர் ஒருவர் தன் பாட்டைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். வந்திருப்பவரின் அந்த நாள் அவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் முழு நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். முதல் வருடத்து வேலையாக, கோறளைப்பற்று வடக்கைப் பற்றி இதுவரை வந்த ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி அந்த அறையின் அலுமாரியில் வைக்கலாம். மாணவர்களைக் கொண்டே செய்யலாம். கதிரவெளியின் கற்கிடையிலிருந்து தொடங்கினால் நல்லது. அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள்.